பதிவேட்டில் வராத நாற்பத்தொரு நுழைவுகள்

குடிமக்கள் ஆவணத் தரவு நிலையத்தில் 'பின்வாசல்' என்ற சொல்லை முதன்முதலில் எழுதியவள் கோகிலவாணி. அதற்காக அவள் எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது.

நிலையம் அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டை ஒட்டி இருந்தது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஜனங்கள் கேட்கிற காகிதமெல்லாம் அங்கே ஓர் ஏசி அறைக்குள் நான்கு சர்வர்களில் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தப் பொறியாளர் கோகிலவாணி. வீடு ஏரியூர். பென்னாகரத்தில் ஒரு பஸ் மாறி, தர்மபுரியில் இன்னொரு பஸ் மாறி அவள் வந்து சேர, எல்லாம் கூடி வந்தால் இரண்டரை மணி நேரம் ஆகும்.

அந்த சர்வர்களுக்கு ஒரு குணம் உண்டு. கரண்ட் ஒரு நொடி சிமிட்டினால் போதும், நெட்வொர்க்கை உதறிவிட்டு உள்ளுக்குள்ளேயே சுருண்டுகொள்ளும். வெளியிலிருந்து எப்படிக் கூப்பிட்டாலும் பதில் வராது. யாராவது நேரில் போய், பின்புறத்தில் இருக்கும் கன்சோல் துளையில் வயரைச் செருகி, லேப்டாப்பில் தட்டி எழுப்ப வேண்டும். யாராவது என்றால் கோகிலவாணி. அவள் மூன்று பஸ் ஏறி வருவதற்குள் மாவட்டம் முழுக்க கவுன்ட்டர்களில் வரிசை வாசலைத் தாண்டிவிடும்.

அவள் ஒரு பக்கத்தில் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தாள். கன்சோல் துளையில் நிரந்தரமாக ஒரு சின்னப் பெட்டி. அதற்குத் தனி சிம் கார்டு, தனி இணையம். பெரிய நெட்வொர்க் படுத்தாலும் இந்தத் தனி வழியில் வந்து எழுப்பிவிடலாம். சாவிக் கோப்பு வைத்திருப்பவரைத் தவிர வேறு யாரும் நுழைய முடியாது. கடைசி வரியில், விளங்கட்டும் என்று, 'வீட்டுக்குப் பின்வாசல் மாதிரி' என்று எழுதியிருந்தாள்.

துணை இயக்குநர் இளம்பரிதி கூப்பிட்டனுப்பினார். கோபப்படுகிற மனிதர் இல்லை அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"இது பொதுமக்களோட நிறுவனம்மா. இங்க முன்வாசல் மட்டும்தான் உண்டு. அதுவும் பத்து மணிக்குத்தான் தொறக்கும்."

யோசனை நிராகரிக்கப்படவில்லை. ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு பதினொரு முறை கூடியது. முதல் மூன்று கூட்டங்கள் பெயருக்கே போயின. கடைசியில் 'மாற்றுத்தட முனைய அணுகல் பாதுகாப்பு அமைப்பு' என்று முடிவாகி, சுருக்கமாக மா.மு.அ.பா.அ. என்று எல்லோரும் மூச்சு வாங்கிச் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

நான்காவது கூட்டத்துக்குத் தலைமையகத்திலிருந்து பாதுகாப்பு ஆலோசகர் பிரபாகர் வந்தார். எழுபத்திரண்டு பக்க விளக்கப்படம் போட்டுக் காட்டினார். அதில் அறுபத்தெட்டு பக்கங்களில் பூட்டுப் படம் இருந்தது.

"தனி வழியில போற எதையும் நம்மால கண்காணிக்க முடியாது. கண்காணிக்க முடியாதது பாதுகாப்பு இல்ல. அதனால இந்தத் தனி வழி, பொது நெட்வொர்க் வழியாத்தான் போகணும்" என்றார்.

கோகிலவாணி கையைத் தூக்கினாள். "சார், பொது நெட்வொர்க் படுத்துட்டா என்ன பண்றதுன்னுதான் இந்த வழியே."

"நல்ல கேள்வி" என்றார் பிரபாகர். அடுத்த பூட்டுப் படத்துக்குப் போனார்.

அமைப்பு வந்தது. மூன்று அடி உயரத்தில் கறுப்புப் பெட்டி. சந்தனம் குங்குமம் வைத்து, காற்றுப் போகும் ஓட்டைகள் மறையும்படி சாமந்தி மாலை போட்டு, ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். பாதுகாப்புக் கருதி அதை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்கள். பீரோவுக்குள் சிக்னல் எடுக்கவில்லை என்று கோகிலவாணி சொன்னபோது, சிக்னலே நுழையாத இடத்தில் திருடன் எப்படி நுழைவான் என்று பிரபாகர் மனம்விட்டுப் பாராட்டினார். அமைப்பைப் பயன்படுத்துவதற்கு விதிமுறைகளும் வந்தன. மின்கோப்பில் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று அதிகாரிகள் ஒப்புதல் தர வேண்டும். அதன்பின் ஒருமுறைக் கடவுச்சொல் துணை இயக்குநரின் அலுவலக மெயிலுக்கு வரும். மின்கோப்பும் மெயிலும் அந்த நான்கு சர்வர்களில்தான் ஓடின.

ஜூன் மாதம், கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். காலையிலேயே சர்வர் சுருண்டுவிட்டது. அன்றைக்கு ஏரியூர்ப் பக்கம் பஸ் மறியல். கோகிலவாணி யார் யாரோ பைக்கில் தொற்றிக்கொண்டு வந்து சேர மணி ஒன்று ஆகிவிட்டது. வந்ததும் நேரே சர்வர் அறைக்குப் போனாள். வாசலில் இளம்பரிதி நின்றிருந்தார்.

"நேரடியா கை வைக்கக் கூடாதும்மா. இப்பத்தான் அமைப்பு இருக்கே. மா.மு.அ.பா.அ. மூலமாத்தான் போகணும். விண்ணப்பம் போடு."

"மின்கோப்பு ஓடலீங்க சார்."

"ஓடறப்போ போடு."

தாழ்வாரத்தில் சித்தேரியிலிருந்து வந்த ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி அரூரில் ஒரு கவுன்ட்டர், தர்மபுரியில் ஒரு கவுன்ட்டர் பார்த்துவிட்டு, சர்வரே இங்கேதான் இருக்கிறது என்று யாரோ சொன்னதால் இங்கேயே வந்துவிட்டவர்கள். சாதிச் சான்றை ஐந்து மணிக்குள் ஏற்றியாக வேண்டும். அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தாள். "எம்பொண்ணுக்கு மட்டும் ஒண்ணு எடுத்துக் குடுத்துருங்க, போயிர்றோம்" என்று அந்த அம்மா கோகிலவாணியிடம் கேட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் வயரைச் செருகினால் ஆறு நிமிட வேலை. ஐந்தே முக்காலுக்கு இளம்பரிதி வாய்மொழியாக அனுமதித்தார். ஆறாவது நிமிடம் சர்வர் எழுந்தது. அந்தப் பெண் ஃபைலை மூடி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க அம்மாவோடு போனாள்.

கதவருகே நின்ற நான்கே முக்கால் மணி நேரத்தை கோகிலவாணியால் மறக்க முடியவில்லை. இளம்பரிதியைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு சத்தமாவது போட்டிருக்கலாம். அவள் ஐந்து தடவை "சார்" என்று சொன்னாள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவள் தர்மபுரியில் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று வாங்கினாள். தன் பெயரில் சிம் போட்டால் என்றைக்காவது மாட்டும் என்ற பயம். நிலையத்தின் காவல், துப்புரவு இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்த சவுரியப்பனிடம் கேட்டாள். ஏஜென்சி மூலம் வேலைக்கு வந்தவர், அறுபதை நெருங்கியவர். தேர்த்திருவிழாக் கடையில் இலவசமாகக் கொடுத்த சிம் ஒன்று அவரிடம் சும்மா கிடந்தது.

"ஆபீஸ் வேலைக்குத்தானுங்களே?"

"ஆமாங்க. ஆபீஸ் வேலைக்குத்தான்."

"அப்பறம் என்னங்க" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பெட்டியை சர்வர் ரேக்கின் பின்னால் கன்சோல் துளையில் மாட்டினாள். சாவிக் கோப்பு அவள் லேப்டாப்பில் மட்டும் இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கட்டிடத்திலேயே ஒழுங்காகப் பூட்டப்பட்ட ஒரே பொருள் அந்தப் பெட்டிதான். அதன்பின் காலை ஆறரைக்கு ஏரியூரில் காபி ஆறுவதற்குள் நான்கு சர்வர்களையும் எட்டிப் பார்ப்பாள். சுருண்டு கிடந்தால் எழுப்புவாள். பத்து மணிக்குக் கவுன்ட்டர் திறக்கும்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஜனவரியில் நிலையத்துக்குக் கேடயம் கிடைத்தது. ஏழு மாதமாக ஒரு நாள்கூடச் சேவை தடைபடவில்லை. விழாவில் இளம்பரிதி பேசினார்.

"மா.மு.அ.பா.அ. அமைக்கப்பட்ட நாள்முதல் இன்றுவரை அதன்வழியே ஒருவர்கூட நுழைந்ததில்லை. அதிகாரிகள் நுழைந்ததில்லை, பொறியாளர்கள் நுழைந்ததில்லை, ஏன், நானே முயன்று பார்த்தேன், நுழைய முடியவில்லை. இதைவிடப் பாதுகாப்பான அமைப்பு வேறெங்கே இருக்க முடியும்?"

கைதட்டினார்கள். கோகிலவாணியும் தட்டினாள். கேடயத்தின் அடியில் தொழில்நுட்பக் குழு என்று ஐந்து பெயர்கள் இருந்தன. கடைசிப் பெயர் அவளுடையது. வரிசையின் ஓரத்தில் நின்று சவுரியப்பன் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அவளுக்கு இரண்டு வைத்தார்.

பிப்ரவரியில் ஆண்டுத் தணிக்கைக்கு பிரபாகர் வந்தார். இரண்டாம் நாள் காலை முகம் வெளிறி மீட்டிங் ஹாலுக்குள் நுழைந்தார். சர்வரின் உள்பதிவில் கன்சோல் வழியாக நாற்பத்தொரு நுழைவுகள். நிலையத்தின் பதிவேட்டில் ஒன்றுகூட இல்லை.

"நாற்பத்தொரு முறை எதிரி உள்ள வந்திருக்கான்" என்றார். "ஒவ்வொரு முறையும் ஆறு நிமிஷம். வந்து, சர்வரைச் சரி பண்ணிட்டுப் போயிருக்கான்."

"சரி பண்ணிட்டா?" என்றார் இளம்பரிதி.

"நம்பிக்கையைச் சம்பாதிக்கிறான் சார். இது ரொம்ப முதிர்ந்த உத்தி."

நுழைந்தவனின் சாவிக்கு ஒரு பெயர் இருந்தது. பிரபாகர் அதைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். கோகி. "பேரைப் பார்த்தா ஜப்பான், கொரியா பக்கத்துக் குழு மாதிரி தெரியுது. விசாரிக்கணும்."

நிலையத்தில் பாதிப்பேர் கோகிலவாணியைக் கோகி என்றுதான் கூப்பிட்டார்கள். ஹாலில் பதினான்கு பேர் இருந்தார்கள். எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி வாயைத் திறந்தாள். மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். சைபர் குற்றம் என்று போலீசுக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒரு நொடி யோசித்தாள். அதற்குள் டீ வந்துவிட்டது. எல்லோரும் டீ எடுத்தார்கள். அவளும் எடுத்தாள்.

மதியம் ரேக்கின் பின்னால் பெட்டியைக் கண்டுபிடித்தார்கள். சிம் சவுரியப்பன் பெயரில் இருந்தது.

விசாரணை மறுநாள். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும் என்று கோகிலவாணியை உட்கார வைத்தார்கள். சவுரியப்பன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"உங்களுக்கு லினக்ஸ் தெரியுமா?" என்று சர்வர் மென்பொருளிலிருந்து ஆரம்பித்தார் பிரபாகர்.

"லீனூசுங்களா? தெரியுமுங்க. பள்ளிப்பட்டியில இருக்காரு. என் சம்சாரத்துக்குப் பெரியப்பன் மவன்."

"எவ்வளவு நாளாப் பழக்கம்?"

"கல்யாணமான நாள்லருந்துங்க. முப்பத்தஞ்சு வருசம் இருக்கும்."

பிரபாகர் இளம்பரிதியைப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருஷ அனுபவம். குறிச்சுக்கங்கம்மா."

கோகிலவாணி தட்டினாள். விரல்கள் தாமாகவே ஓடின.

"இந்த சிம்மை யாருக்குக் கொடுத்தீங்க?"

சவுரியப்பன் தலையைத் தூக்கினார். பார்வை அவள்மேல் ஒரு முறை வந்து, கீபோர்டின் மேல் இறங்கி, தரைக்குப் போனது. "அது எங்கியோ தொலைஞ்சு போச்சுங்க."

அவள் அதையும் தட்டினாள். 'தொலைஞ்சு' என்பதை 'தொலைந்து' என்று திருத்தினாள். அந்த ஒரு சொல் திருத்தம் பிறகு பல நாள் அவளைத் தூங்கவிடவில்லை.

இளம்பரிதி கனிவாகப் பேசினார். எல்லாம் நானே செய்தேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் விஷயம் போலீசுக்குப் போகாது, இங்கேயே முடித்துக்கொள்ளலாம், ஏஜென்சியிலிருந்து மட்டும் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றார். சவுரியப்பன் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். கோகிலவாணிதான் இடத்தைக் காட்டினாள்.

மூன்று நாள் பொறுத்து அவள் நடந்தது அத்தனையும் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு இளம்பரிதி அறைக்குப் போனாள். காகிதத்தை நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உனக்கு ஏம்மா இந்த வேலை?"

"சவுரியப்பன் ஒண்ணும் பண்ணலீங்க சார். அவருக்கு இது எதுவுமே தெரியாது. நான்தான் பண்ணேன்."

"அறிக்கை மேல போயிடுச்சு. அதுல, நிலையத்தோட தொழில்நுட்பக் குழுவைச் சேர்ந்த யாருக்கும் தொடர்பு இல்லைன்னு தெளிவா எழுதியிருக்கு. கேடயத்துல உன் பேர் இருக்கு. நீ பண்ணேன்னா ஏழு மாசம் சேவை ஓடினது உன் பெட்டியாலன்னு ஆகும். அப்போ மா.மு.அ.பா.அ. எதுக்குன்னு கேப்பாங்க. அது எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் கேக்கல. கேக்க வைக்கப் பாக்கறியா?"

"அவரை வேலைய விட்டு எடுத்துட்டீங்களே சார்."

"நாம எங்கம்மா எடுத்தோம். ஏஜென்சி எடுத்துச்சு." காகிதத்தை நான்காக மடித்து அவளிடமே நீட்டினார். "உனக்கு அவ்வளவு உறுத்தலா இருந்தா முறைப்படி மின்கோப்புல போடு. காகிதத்துல வர்ற ஒப்புதல் வாக்குமூலத்தை நாங்க வாங்கறதில்ல."

அவள் முறைப்படி மின்கோப்பில் போட்டாள். 'மனுதாரர் குறிப்பிடும் குற்றம் ஏற்கெனவே வேறொருவரால் செய்யப்பட்டுவிட்டதால் இம்மனு முடித்துவைக்கப்படுகிறது' என்று நான்காம் நாள் பதில் வந்தது.

பெட்டியைப் பறிமுதல் செய்த வாரத்திலேயே சர்வர் இரண்டு தரம் சுருண்டது. வரிசைகள் திரும்ப வந்தன. பிரபாகர் பறிமுதல் பெட்டியைத் தலைமையகத்துக்கு எடுத்துப் போய்ப் பிரித்துப் பார்த்து அறிக்கை அனுப்பினார். எதிரியின் அமைப்பு மிக நேர்த்தியானது, தனி வழி உண்மையிலேயே தனியாகச் செல்கிறது, சாவி ஒருவரிடம் மட்டுமே உள்ளது, இதுபோன்ற பாதுகாப்பு நம்மிடம் இல்லை, ஆகவே எதிரியின் முறையையே நிலையம் பின்பற்றலாம் என்று பரிந்துரைத்திருந்தார். பெட்டி திரும்பி வந்தது. 'நிலைய உடைமை' என்று ஸ்டிக்கர் ஒட்டி, ரேக்கின் பின்னால் முன்பிருந்த அதே துளையில் மாட்டினார்கள். பொறுப்பு அலுவலர் என்று கோகிலவாணியின் பெயரைப் போட்டு ஆணை வந்தது. மார்ச்சில் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. மாட்டி முடித்துவிட்டு அவள் ரேக்கின் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அங்கே தூசி படிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவள் கோவிலூரில் சவுரியப்பன் வீட்டைத் தேடிப் போனாள். சர்ச்சில் பூசை முடிந்து ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி ஆரோக்கியம்மாள் உள்ளே கூப்பிட்டு, ஃபேனுக்கு அடியில் நாற்காலியைப் போட்டாள்.

"ஆபீசுலருந்து யாருமே வூட்டுப் பக்கம் வரலீங்க. நீங்க வந்தீங்களே, அது போதும்" என்றாள்.

கோகிலவாணிக்கு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. பாயில் உட்கார்ந்தாள். சவுரியப்பன் எதிரில் உட்கார்ந்தார். இப்போது தக்காளி மண்டியில் கூடை அடுக்கும் வேலைக்குப் போகிறாராம். முதுகுதான் கொஞ்சம் பிடிக்கிறது என்றார். அவள் குனிந்த தலையோடு எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி தன்னுடையது, நாற்பத்தொரு தடவையும் தான் நுழைந்தது, ஹாலில் டீ எடுத்துக் குடித்தது வரைக்கும் சொன்னாள்.

"தெரியுமுங்க" என்றார் அவர்.

அவள் நிமிர்ந்தாள்.

"தெனமும் அந்தப் பொட்டிய நான்தானுங்களே தொடைச்சு வெப்பேன். ஆபீசுல யாருமே இல்லாத நேரத்துல ஒரு பச்சை லைட்டு மினுக்கும். அன்னிக்கெல்லாம் ஜனங்க வந்த கையோட பேப்பர வாங்கிட்டுப் போயிருவாங்க. நல்லதுக்குத்தான் எதோ பண்றாங்க இந்தப் பொண்ணுன்னு வெச்சுக்கிட்டேன்."

"அப்ப ஏங்க எம்பேரைச் சொல்லல?"

"நீங்க எதுத்தாப்புல உக்காந்திருந்தீங்க. சொல்லணும்னா நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. அதனால் அவளுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போயிற்று. ஆரோக்கியம்மாள் இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"ஒரு ஒத்தாசை வேணுங்க" என்றார் சவுரியப்பன், குரலைத் தணித்துக்கொண்டு. "போன வாரம் சாமியாருகிட்ட பாவத்தச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பண்ணாதத பண்ணேன்னு பொய் எழுதிக் குடுத்துட்டேன் சாமின்னேன். என்னத்தப் பண்ணேன்னு எழுதிக் குடுத்தேன்னு சாமியாரு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியலீங்க. அதுகூடத் தெரியாமலா கையெழுத்துப் போட்ட, தெரிஞ்சுக்கிட்டு வான்னுட்டாரு. ஊருலயும் கேக்கறாங்க. கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணிட்டியாமேன்னு. நான் என்ன பண்ணேன்னு கொஞ்சம் வெளங்கச் சொல்லிக் குடுங்க."

கோகிலவாணி சொல்லிக் கொடுத்தாள். மோர் டம்ளரை சர்வர் என்று வைத்து, பாயின் ஒரு கோட்டைப் பெரிய வழி என்றும் இன்னொரு கோட்டைத் தனி வழி என்றும் விரலால் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். பெரிய வழி அடைத்துக்கொள்கிறது, ஜனங்கள் நிற்கிறார்கள், ஒருவர் தனி வழியாக உள்ளே போய் அடைப்பை எடுத்துவிட்டுத் திரும்பி வருகிறார் என்பது வரைக்கும் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

"இதுல தப்பு எங்கிங்க வருது?"

"அனுமதி வாங்கலைங்க."

"சரிங்க. அதைச் சேத்துக்கறேன்."

கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துப் பார்த்தார். "அனுமதி இல்லாம, மாத்து வழியில, கன்... கன்சோ..."

"கன்சோல்."

"கன்சோலு வழியா, நாப்பத்தொரு தரம் நான் உள்ள பூந்து..." நின்று அவளைப் பார்த்தார். "நான்னுதானுங்களே சொல்லணும்? எழுதிக் குடுத்தது அப்படித்தானே."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் தடவை மாற்று வழியை விட்டுவிட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் தடவை ஒரு சொல் தவறாமல் வந்தது.

"இப்பச் செரியா வருதுங்களா?"

"வருதுங்க" என்றாள் கோகிலவாணி.